மரபணுவை நீக்கியும் வளர்ச்சி மாறவில்லை: பாய்வை அளந்தால் அதன் பணி விளங்குமா?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். ஈ. கோலை பாக்டீரியாவின் கே-12 இனத்தில் பணி இன்னதென்று அறியப்படாத ஒரு மரபணுவை ஆராய்ந்து வருகிறேன். புரத வரிசையின் ஒப்புமையை வைத்துப் பார்த்தால் அது ஒரு டீஹைட்ரஜனேஸை, அதாவது சேர்மத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் நொதியை, தரக்கூடும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த நொதி எந்தச் சேர்மத்தின் மீது வினைபுரிகிறது, அந்த ஹைட்ரஜனை ஏற்கும் துணைக்காரணியாக என்ஏடி-யைப் பயன்படுத்துகிறதா என்ஏடிபி-யைப் பயன்படுத்துகிறதா என்பவை தெரியவில்லை. மரபணுவை நீக்கிய இனத்தைக் குளுக்கோஸ் மட்டுமே கார்பன் மூலமாக உள்ள குறைந்தபட்ச ஊடகத்தில் வளர்த்தேன். வளர்ச்சி வேகம், இறுதி உயிர்த்திரள், வெளியேறும் அசிட்டேட் ஆகிய மூன்றிலும் மூல இனத்துக்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இனி கார்பனின் சற்றே கனமான ஐசோடோப்பான கார்பன்-13 கொண்டு உள்ளே நிகழும் வினைகளின் வேகத்தை, அதாவது வளர்சிதைமாற்றப் பாய்வை, அளந்து பார்க்கலாம் என்ற யோசனை வந்துள்ளது. கார்பன்-13 ஏற்றி அடையாளமிட்ட குளுக்கோஸ் விலை மிகுந்தது என்பதால் இறங்குவதற்கு முன் கேட்கிறேன்: வளர்ச்சியில் தெரியாத ஒன்று பாய்வில் தெரியுமா? தெரிந்தால், அதைக் கொண்டு மரபணுவின் பணியைப் பற்றி எந்த அளவுக்குப் பேசலாம்?

கரிமவழி:

வணக்கம் இளவேனில். வளர்ச்சி மாறவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் மாறவில்லை என்று முடிவு செய்துவிட முடியாது. இதற்குச் சிறந்த சான்று பணி நன்கு அறியப்பட்ட மரபணுக்களிலிருந்தே கிடைக்கிறது. குளுக்கோஸைச் சிதைக்கும் வழிகளுள் ஒன்றான பென்டோஸ் பாஸ்பேட் பாதையின் முதல் நொதியைத் தரும் ஸ்வ்ஃப் (zwf) மரபணுவை ஈ. கோலையில் நீக்கினால், குளுக்கோஸில் அதன் வளர்ச்சி ஏறக்குறைய முன்போலவே இருக்கும். ஆனால் மூல இனத்தில் உள்ளே வரும் குளுக்கோஸில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை செல்லும் ஒரு பாதையின் வாயிலே அங்கு அடைபட்டுவிட்டது. நியூக்ளியோடைடுகளுக்கு வேண்டிய பென்டோஸ் சர்க்கரைகளை அச்செல், டிரான்ஸ்கீட்டோலேஸ், டிரான்ஸ்ஆல்டோலேஸ் ஆகிய நொதிகளைப் பின்னோக்கி இயக்கி, ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்தும் கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டிலிருந்தும் ஆக்கிக்கொள்கிறது. குறைந்துபோன என்ஏடிபிஎச்சை, அதாவது ஹைட்ரஜனை ஏற்ற என்ஏடிபி-யை, சவ்விலுள்ள பிஎன்டி-ஏபி என்னும் டிரான்ஸ்ஹைட்ரஜனேஸ் (என்ஏடி, என்ஏடிபி இரண்டுக்கும் இடையே ஹைட்ரஜனைக் கைமாற்றும் நொதி) பெருமளவு ஈடுகட்டுகிறது. வளர்ச்சி வளைகோட்டை எத்தனை முறை வரைந்தாலும் இவற்றில் எதுவும் தெரியாது. பாய்வை அளந்தால் தெரிகிறது.

பைருவேட் கைனேஸின் இரு வடிவங்களையும் நீக்கிய இனத்தின் கதையும் இத்தகையதே. பாஸ்போஈனால்பைருவேட்டிலிருந்து பைருவேட்டுக்கு நேரே செல்லும் வழி மூடப்பட்டதும், கார்பன் ஆக்சலோஅசிட்டேட், மாலேட் வழியாகச் சுற்றிச் சென்று மாலிக் நொதியின் துணையால் பைருவேட்டை அடைவதை 2002-இல் வெளிவந்த பாய்வாய்வு ஒன்று காட்டியது.

சேர்மங்களின் செறிவை அளந்தால் போதாதா என்று சிலர் உங்களிடம் கேட்கக்கூடும். குளத்தின் நீர்மட்டம் மாறாமல் இருப்பதைக் கண்டு வாய்க்காலில் நீர் ஓடவில்லை என்று சொல்ல முடியாதல்லவா? செறிவு என்பது மட்டம். வரத்தும் போக்கும் சேர்ந்து மும்மடங்கானாலும் மட்டம் அப்படியே நிற்கலாம். 2007-இல் 24 ஒற்றை மரபணு நீக்க இனங்களில் ஆர்என்ஏ, புரதம், சேர்மச் செறிவு, பாய்வு ஆகியவற்றைச் சேர்த்து அளந்த ஜப்பானிய ஆய்வு, பெரும்பாலான சேர்மங்களின் செறிவு வியக்கத்தக்க வகையில் நிலையாக இருந்ததைக் கண்டது.

பாதைகள் எவ்வாறு பிரித்தறியப்படுகின்றன என்பதை ஒரே எடுத்துக்காட்டால் சொல்லிவிடலாம். முதல் கார்பனில் மட்டும் அடையாளமிட்ட குளுக்கோஸை ஊட்டுகிறீர்கள் என்று கொள்வோம். குளுக்கோஸைச் சிதைக்கும் முதன்மைப் பாதையான கிளைக்காலிசிஸ் வழியே சென்றால் அந்தக் கார்பன் பைருவேட்டின் மூன்றாம் கார்பனாக, அதாவது மெத்தில் தொகுதியாக, வந்து சேரும். என்ட்னர்-டூடோரோஃப் என்னும் மாற்றுப் பாதையில் சென்றால் அதே கார்பன் பைருவேட்டின் முதல் கார்பனாக, கார்பாக்சில் தொகுதியில் அமரும். பென்டோஸ் பாஸ்பேட் பாதையின் ஆக்சிஜனேற்றக் கிளையில் சென்றாலோ அது கார்பன் டைஆக்சைடாகவே வெளியேறிவிடும். பைருவேட்டிலிருந்து உருவாகும் அலனினைப் பிடித்து அதன் எந்தக் கார்பனில் அடையாளம் இருக்கிறது என்று பார்த்தால், மூன்று வழிகளும் எந்த விகிதத்தில் பயன்பட்டன என்பதைக் கணிக்க முடிகிறது.

நிறைமானி:

கரிமவழி கூறியதோடு செய்முறை சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் பாய்வாய்வுகள் பெரும்பாலும் கணக்கில் அல்ல, மாதிரி எடுப்பதில்தான் கெட்டுப்போகின்றன.

செல்லுக்குள் தனித்திருக்கும் அலனினைப் பிடிக்க வேண்டியதில்லை. புரதத்தில் கட்டுண்டிருக்கும் அமினோ அமிலங்களே போதும். அளவில் மிகுதி, நொடிக்கு நொடி மாறுவதுமில்லை. செல்களைச் சேகரித்து 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 105 முதல் 110 டிகிரி வெப்பத்தில் ஓரிரவு வைத்தால் புரதம் சிதைந்து அமினோ அமிலங்கள் விடுபடும். இதில் டிரிப்டோஃபானும் சிஸ்டீனும் அழிந்துவிடும். அஸ்பராஜின் அஸ்பார்டேட்டாகவும், குளூட்டமின் குளூட்டமேட்டாகவும் மாறிவிடும். எஞ்சியவை மையப் பாதைகளுக்குப் போதுமான சாட்சிகள். செரின் 3-பாஸ்போகிளிசரேட்டையும், அலனினும் வாலினும் பைருவேட்டையும், அஸ்பார்டேட் ஆக்சலோஅசிட்டேட்டையும், குளூட்டமேட் 2-ஆக்சோகுளூட்டரேட்டையும், ஹிஸ்டிடின் பென்டோஸ் பாஸ்பேட்டையும் காட்டிக்கொடுக்கும். ஃபினைல்அலனினிலும் டைரோசினிலும் எரித்ரோஸ்-4-பாஸ்பேட்டின் தடயம் இருக்கும்.

பிறகு டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலைல் தொகுதியை ஏற்றி, சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் செலுத்துவீர்கள். மூலக்கூறு நிறையிலிருந்து 57 குறைந்த துண்டில் அமினோ அமிலத்தின் எல்லாக் கார்பன்களும் இருக்கும். 159 குறைந்த துண்டில் முதல் கார்பன் இராது. இவ்விரண்டின் வேறுபாடே முதல் கார்பனில் அடையாளம் உண்டா இல்லையா என்பதைச் சொல்லும். இயற்கையிலேயே கார்பனில் 1.1 விழுக்காடு கார்பன்-13 உள்ளது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் ஏற்றிய சிலிக்கானில் 4.7 விழுக்காடு சிலிக்கான்-29, 3.1 விழுக்காடு சிலிக்கான்-30 இருப்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவதுண்டு. இவற்றுக்குத் திருத்தம் செய்யாத நிறைப்பரவலை, அதாவது எந்த நிறையில் எவ்வளவு மூலக்கூறுகள் உள்ளன என்ற பங்கீட்டை, கணக்கில் இட்டால் இல்லாத பாய்வெல்லாம் தோன்றும்.

முக்கியமான மற்றொன்று: இம்முறை சமநிலை வளர்ச்சியை முன்கொள்கிறது. ஆகவே செல்கள் மாறா வேகத்தில் பெருகும் அடுக்குக்குறி வளர்ச்சிக் கட்டத்திலேயே அறுவடை செய்ய வேண்டும். தொடக்கத்தில் இடும் விதைச் செல்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் அடையாளமில்லாப் புரதம் கலந்துவிடும். விதைக்கான முன்வளர்ப்பும் அதே குறைந்தபட்ச ஊடகத்தில் நடக்க வேண்டும். செறிவூட்டிய ஊடகத்திலிருந்து நேரே மாற்றினால் அங்கிருந்து வந்த அமினோ அமிலங்கள் கணக்கைக் குலைக்கும்.

எதிர்வாதி:

இந்த இழையில் ஒரு சொல் எளிதாகப் புழங்குகிறது. பாய்வை "அளக்கிறோம்" என்கிறீர்கள். அளப்பது நிறைப்பரவலை, குளுக்கோஸ் குறையும் வேகத்தை, அசிட்டேட் சேரும் வேகத்தை. பாய்வு என்பது இவற்றுக்குப் பொருந்தும்படி ஒரு வினை வலைப்பின்னலில் கணினி தேடித்தரும் எண். வலைப்பின்னலை வரைபவர் நாம். நாம் வரையாத வினைக்குப் பாய்வு ஒருபோதும் கிடைக்காது. இளவேனிலின் மரபணு எந்த வினையைச் செய்கிறது என்பதே தெரியாதபோது, அந்த வினை வலைப்பின்னலில் இராது. இல்லாத வினையின் மாற்றத்தை இம்முறை எப்படிக் காட்டும்?

இரண்டாவது, பகுதிறன். மையப் பாதைகளில் ஒரு வினையின் பாய்வு, உள்வரும் குளுக்கோஸில் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால், பிழை எல்லை அதை விழுங்கிவிடும். பணி அறியாத மரபணுக்களில் பல இத்தகைய சிறு வினைகளுக்கு உரியவையாகவே இருக்கும், பெரிய பாய்வு உடையவை எப்போதோ கண்டறியப்பட்டுவிட்டன.

மூன்றாவது, மையப் பாதைகள் எளிதில் அசைவதில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் 137 நீக்க இனங்களில் பாய்வை ஆராய்ந்த ஃபிஷரும் சாவரும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே விறைப்பு என்று எழுதினார்கள். பெரும்பாலான இனங்களில் பாய்வுகளின் பங்கீடு மூல இனத்தை ஒத்தே இருந்தது. நிலைமை இவ்வாறிருக்க, விலை மிகுந்த அடையாளச் சர்க்கரையை வாங்கி "மாற்றமில்லை" என்ற விடையைப் பெறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

கரிமவழி:

எதிர்வாதியின் முதல் கருத்து முழுவதும் சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சரியன்று. வலைப்பின்னலில் இல்லாத வினைக்கு எண் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அத்தகைய வினை செல்லில் நடந்துகொண்டிருந்தால் அதன் தடயம் நிறைப்பரவலில் இருக்கும், நாம் வரைந்த வலைப்பின்னலால் அந்தப் பரவலைப் பொருத்த முடியாது. புதிய பணியைத் தேடுபவருக்குப் பொருந்தாமைதான் பயனுள்ள விடை. பொருத்தத்தின் எச்சப்பிழையை, அதாவது அளவீட்டுக்கும் கணக்குக்கும் இடையே எஞ்சும் வேறுபாட்டை, புள்ளியியல் முறைப்படி சோதிக்காமல் பாய்வு வரைபடத்தை மட்டும் வெளியிடுபவர்கள், தம் ஆய்வின் மிகச் சிறந்த பகுதியைக் குப்பையில் போடுகிறார்கள் என்பது என் கருத்து.

இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு டிரான்ஸ்ஆல்டோலேஸ். ஈ. கோலையில் இந்நொதிக்கு டால்-ஏ, டால்-பி என இரு மரபணுக்கள் உள்ளன. பாடநூல் வரைபடத்தின்படி, இரண்டையும் நீக்கினால் ஜைலோஸை மட்டும் உண்டு அது வாழ முடியாது, ஆனால் வாழ்ந்தது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழக ஆய்வர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதன் காரணம் தெளிவாயிற்று. டிரான்ஸ்ஆல்டோலேஸ் இல்லாததால் தேங்கும் செடோஹெப்டுலோஸ்-7-பாஸ்பேட்டைக் கிளைக்காலிசிஸின் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் மேலும் ஒரு பாஸ்பேட் ஏற்றி 1,7-பிஸ்பாஸ்பேட்டாக்குகிறது. அதைக் கிளைக்காலிசிஸின் ஆல்டோலேஸ் வெட்டி எரித்ரோஸ்-4-பாஸ்பேட்டையும் டைஹைட்ராக்சிஅசிட்டோன் பாஸ்பேட்டையும் தருகிறது. பல பத்தாண்டுகளாகப் பாடநூலில் இருந்த இரண்டு நொதிகளுக்கு, யாரும் எதிர்பாராத இரண்டாம் பணி உண்டு என்று தெரிந்தது. வளர்ச்சிச் சோதனை ஐயத்தை எழுப்பியது, சேர்மங்களின் அளவீடும் ஐசோடோப்புத் தடமும் திசையைக் காட்டின, தூய்மையாக்கிய நொதியின் சோதனை அதை உறுதிசெய்தது. மூன்றில் எந்த ஒன்றும் தனித்து நின்றிருந்தால் இக்கண்டுபிடிப்பு இல்லை.

எனவே இளவேனில் கேட்ட இரண்டாம் கேள்விக்கு என் விடை இது: பாய்வு ஒரு மரபணுவின் பணியை நிறுவாது, பணியைத் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தரும். ஆயிரக்கணக்கான சேர்மங்களில் எதை நொதிச் சோதனைக்கு எடுப்பது என்ற நிலையிலிருந்து, ஒரு சந்திப்பைச் சுற்றியுள்ள சிலவற்றை எடுத்தால் போதும் என்ற நிலைக்கு வருவது சிறிய ஆதாயம் அன்று. 2019-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி ஈ. கோலை கே-12-இன் மரபணுக்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்குப் பணி குறித்த சோதனைச் சான்று இல்லை. உலகிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட உயிரியில் நிலைமை இது.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. எதிர்வாதி கூறிய விறைப்பு என்னைத் தயங்க வைக்கிறது. சாதாரணக் குளுக்கோஸ் ஊடகத்தில் மாற்றமே இல்லை என்று வந்தால், அடுத்து எந்தச் சூழ்நிலையைத் தேர்ந்தெடுப்பது? கண்மூடித்தனமாக எல்லாக் கார்பன் மூலங்களிலும் அடையாளச் சோதனை செய்வது இயலாத காரியம்.

நிறைமானி:

அடையாளச் சோதனையை எல்லாவற்றிலும் செய்ய வேண்டியதில்லை, இளவேனில். வளர்ச்சிச் சோதனையைப் பல மூலங்களில் மலிவாகச் செய்துவிட்டு, சிறு வேறுபாடாவது தெரியும் இடத்தில் மட்டும் கார்பன்-13-ஐப் பயன்படுத்துங்கள். 91 மரபணுப் படியெடுப்புக் கட்டுப்பாட்டுக் காரணிகளை ஒவ்வொன்றாக நீக்கிய ஈ. கோலை இனங்களைக் குளுக்கோஸிலும் காலக்டோஸிலும் ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வை இதற்காகவே படிக்கலாம். குளுக்கோஸில் மாற்றம் காட்டியவை மிகச் சிலவே. காலக்டோஸில் வேறு கட்டுப்பாடு வெளிப்பட்டது. குளுக்கோஸ் தாராளமாக உள்ளபோது உறங்கும் பாதைகள் பல உண்டு. குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக வழங்கி மெதுவாக வளர்க்கும் கீமோஸ்டாட்டில், பாஸ்போஈனால்பைருவேட்டையும் கிளையாக்சிலேட்டையும் இணைக்கும் சுழற்சி ஒன்று ஈ. கோலையில் இயங்குவது 2003-இல் காட்டப்பட்டது. குடுவையில் வேகமாக வளர்க்கும்போது அது கண்ணில் படாது.

கரிமவழி:

சூழ்நிலையை மாற்றுவது ஒரு வழி. மரபணுப் பின்னணியை மாற்றுவது மற்றொன்று. உங்களுடையது டீஹைட்ரஜனேஸ் என்பதால் இரண்டாவதையே நான் விரும்புவேன். பாஸ்போகுளுக்கோஸ் ஐசோமரேஸ் இல்லாத பிஜிஐ நீக்க இனத்தை எண்ணிப் பாருங்கள். கிளைக்காலிசிஸின் மேல்வாயில் மூடப்பட்டதால் குளுக்கோஸ் பெரும்பாலும் பென்டோஸ் பாஸ்பேட் பாதைக்குள் தள்ளப்படுகிறது. அங்கு என்ஏடிபிஎச் தேவைக்கு மேல் குவிகிறது. வளர்ச்சி வேகம் வெகுவாகக் குறைகிறது. இந்த மிகையை என்ஏடிஎச்சாக மாற்றி வெளியேற்றுவது யூடிஎச்-ஏ என்னும் கரையும் டிரான்ஸ்ஹைட்ரஜனேஸ். அதன் அளவைக் கூட்டினால் வளர்ச்சி ஓரளவு மீள்கிறது. பிஜிஐ இல்லாத பின்னணியில் அதையும் நீக்கினால் குளுக்கோஸில் வளர்ச்சியே இல்லை. சாதாரண இனத்தில் யூடிஎச்-ஏ-வை மட்டும் நீக்கினால் குளுக்கோஸில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஈ. கோலைக்கு ஏன் இரண்டு டிரான்ஸ்ஹைட்ரஜனேஸ்கள் என்ற கேள்விக்கு, ஒன்று என்ஏடிபிஎச்சை ஆக்குவதற்கு, மற்றொன்று மிகையைக் கழிப்பதற்கு என்ற விடை 2004-இல் பாய்வுக் கணக்கோடு இத்தகைய பின்னணிகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் கிடைத்தது. குளுக்கோஸில் வளரும் மூல இனத்தில் உயிர்த்திரளுக்கு வேண்டிய என்ஏடிபிஎச்சில் 35 முதல் 45 விழுக்காடு பிஎன்டி-ஏபி வழியே வருவதும் அப்போதே கணிக்கப்பட்டது.

உங்கள் மரபணுவைப் பிஜிஐ இல்லாத பின்னணியிலும் ஸ்வ்ஃப் இல்லாத பின்னணியிலும் நீக்கிப் பாருங்கள். முதலாவதில் என்ஏடிபிஎச் மிகை, இரண்டாவதில் பற்றாக்குறை. உங்கள் நொதி என்ஏடிபி-யோடு தொடர்புடையது என்றால் இவற்றில் ஏதேனும் ஒன்றில் தலைகாட்ட வாய்ப்புண்டு.

எதிர்வாதி:

பிஜிஐ பின்னணியைப் பரிந்துரைப்பவர் அதன் ஆபத்தையும் சொல்லியிருக்க வேண்டும். மெதுவாக வளரும் இனத்தில் வேகமாக வளரும் திரிபு எது தோன்றினாலும் அது சில மறுவளர்ப்புகளிலேயே குடுவையைக் கைப்பற்றிவிடும். பிஜிஐ நீக்க இனத்தைப் பரிணமிக்கவிட்ட ஆய்வுகளில் டிரான்ஸ்ஹைட்ரஜனேஸ் மரபணுக்களிலேயே திடீர்மாற்றங்கள் தோன்றியிருக்கின்றன. அப்படியிருக்க, இளவேனில் காணும் பாய்வு மாற்றம் அவர் நீக்கிய மரபணுவால் வந்ததா, இடையில் நுழைந்த திடீர்மாற்றத்தால் வந்ததா? ஒவ்வொரு முறையும் உறைநிலைச் சேமிப்பிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். அறுவடை செய்த செல்களின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்த வேண்டும். நீக்கிய மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தின் வழியே திருப்பித் தந்து பாய்வு பழைய நிலைக்கு மீள்வதைக் காட்ட வேண்டும். மீளவில்லை என்றால் மற்றவை எல்லாம் ஊகமே.

மேலும், கார்பன் அடையாளம் கார்பனைத்தான் பின்தொடர்கிறது, என்ஏடிபிஎச்சை அல்ல. என்ஏடிபிஎச் கணக்கு என்பது ஒவ்வொரு நொதியும் எந்தத் துணைக்காரணியைப் பயன்படுத்துகிறது என்று நாம் முன்கூட்டியே எழுதிவைத்ததன் கூட்டல் கழித்தல். அறியாத டீஹைட்ரஜனேஸ் ஒன்றை ஆராயும்போது இந்தக் கணக்கையே சான்றாகக் காட்டுவது வட்டமடித்து வந்த இடத்துக்கே திரும்புவதாகும்.

கரிமவழி:

வரிசைப்படுத்தலையும், மரபணுவைத் திருப்பித் தந்த மீட்பு இனத்தையும் பற்றிச் சொன்னதில் மாறுபட ஒன்றுமில்லை. என்ஏடிபிஎச் கணக்கைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அது சான்று அன்று. ஆனால் மூல இனத்திலும் நீக்க இனத்திலும் ஒரே அனுமானங்களோடு கணக்கிட்டு, ஆக்கத்துக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி ஒன்றில் மட்டும் விரிவதைக் கண்டால், அந்த வேறுபாடு அனுமானத்தால் மட்டும் வந்ததாகாது. நொதியைத் தூய்மையாக்கி, இரு துணைக்காரணிகளோடும் தனித்தனியே சோதித்த பிறகே அதற்கு மேல் பேச வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

எதிர்வாதி:

அப்படியானால் நொதிச் சோதனையையே முதலில் செய்யலாமே என்பதுதான் என் வாதம். புரதத்தைத் தூய்மையாக்கி, டீஹைட்ரஜனேஸ்களுக்கு உரிய சேர்மங்களின் தொகுப்போடு வைத்து, என்ஏடிஎச்சும் என்ஏடிபிஎச்சும் ஒளியை உறிஞ்சும் 340 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பார்ப்பது, அடையாளச் சர்க்கரையைவிட மலிவானது.

கரிமவழி:

மலிவானதுதான். ஆனால் சோதனைக் குழாயில் பல டீஹைட்ரஜனேஸ்கள் தாராள மனம் படைத்தவை. செல்லுக்குள் ஒருபோதும் சந்திக்காத சேர்மத்தின் மீதும் ஓரளவு வினைபுரியும். அந்தப் பட்டியலில் எது உண்மையான பணி என்பதை முடிவு செய்ய மீண்டும் செல்லுக்குள்தான் வர வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே காலத்தில் தொடங்குவதில் தடையில்லை.

பசுங்கோளம்:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். சயனோபாக்டீரியாவில் இவ்வகை ஆய்வு செய்பவர்களுக்காக ஒன்று மட்டும்: கார்பன் டைஆக்சைடையே உண்ணும் உயிரிகளில் இங்கு கூறிய நிலையான அடையாள முறை பயன்படாது. ஒரே கார்பன் உள்ள மூலத்தில் அடையாளமிட்டால், சமநிலையை எட்டும்போது எல்லாச் சேர்மங்களின் எல்லாக் கார்பன்களும் ஒரே அளவில் அடையாளம் பெற்றுவிடும். பாதைகளைப் பிரித்தறிய எதுவும் எஞ்சாது. அங்கு அடையாளம் ஏறிக்கொண்டிருக்கும் முதல் நொடிகளிலும் நிமிடங்களிலும் மாதிரியை எடுத்து, ஒவ்வொரு சேர்மமும் எவ்வளவு விரைவில் அடையாளம் பெறுகிறது என்பதிலிருந்தே பாய்வைக் கணிக்க வேண்டும். சினிகோசிஸ்டிஸ் என்னும் சயனோபாக்டீரியாவில் 2011-இல் இவ்வாறு செய்யப்பட்டது.

இளவேனில்:

எல்லோருடைய கருத்துகளையும் வைத்து ஒரு வரிசையை அமைத்துக்கொண்டேன். முதலில் மூல இனம், பிஜிஐ நீக்க இனம், ஸ்வ்ஃப் நீக்க இனம் ஆகிய மூன்று பின்னணிகளிலும் என் மரபணுவை நீக்கி, பல கார்பன் மூலங்களில் வளர்ச்சியை மட்டும் பார்க்கிறேன். அதே வேளையில் புரதத் தூய்மையாக்கலும் நடக்கும். வேறுபாடு தெரியும் பின்னணியில் மட்டும் அடையாளச் சோதனை. கடைசியாக ஒன்று கேட்க வேண்டும்: முதல் கார்பனில் அடையாளமிட்ட குளுக்கோஸ், எல்லாக் கார்பனிலும் அடையாளமிட்டதை 20 விழுக்காடு கலந்த குளுக்கோஸ், இவ்விரண்டில் எதை வாங்குவது?

நிறைமானி:

ஒன்றையே வாங்க முடியும் என்றால், ஐயம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். கிளைக்காலிசிஸ், பென்டோஸ் பாஸ்பேட், என்ட்னர்-டூடோரோஃப் ஆகியவற்றின் பங்கீட்டை அறிய முதல் கார்பன் அடையாளம் ஏற்றது. சிட்ரிக் அமிலச் சுழற்சி, அதற்கு ஆக்சலோஅசிட்டேட்டை நிரப்பும் வினைகள், மாலிக் நொதி ஆகிய கீழ்ப்பகுதியை அறிய 20 விழுக்காட்டுக் கலவை ஏற்றது. எந்தக் கார்பன் பிணைப்புகள் முறியாமல் வந்தன என்பதை அது காட்டும். இரண்டையும் தனித்தனிக் குடுவைகளில் இணையாக நடத்தி, தரவை ஒரே பொருத்தத்தில் சேர்த்துக் கணக்கிடுவதே மேலானது. முதலிரு கார்பன்களிலும் அடையாளமிட்ட குளுக்கோஸ், முதலிலும் ஆறாவதிலும் அடையாளமிட்ட குளுக்கோஸ் ஆகிய இரண்டையும் இணையாகப் பயன்படுத்துவது இன்னும் நுட்பமான விடை தரும் என்று 2016-இல் காட்டியிருக்கிறார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

எதை வாங்கினாலும், மீட்பு இனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். மூல இனம், நீக்க இனம், மீட்பு இனம் மூன்றும் ஒரே சர்க்கரைக் கரைசலில், ஒரே நாளில், ஒரே தொகுப்பாகக் கருவியில் ஓட வேண்டும். மூல இனத்துக்கும் நீக்க இனத்துக்கும் வெற்றுப் பிளாஸ்மிட்டை ஏற்றிவிடுங்கள், பிளாஸ்மிட்டின் சுமையே பாய்வை மாற்றக்கூடும்.

எதிர்வாதி:

வெற்றுப் பிளாஸ்மிட்டோடு வளர்ச்சிச் சோதனையையும் மீண்டும் ஒருமுறை செய்துவிடுங்கள். எச்சப்பிழை எண்களையும் இங்கே இடுங்கள். பாய்வு வரைபடத்துக்கு முன் அவற்றைத்தான் நான் பார்ப்பேன்.